பழைய புத்தகத் தெருவில் ஒரு பிற்பகல்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., வேதியியல் மாணவர் எழுதியது)

ஜப்பான் என்றதும் நம் நினைவுக்கு வருவன யாவை? கைக்கடிகாரம், வானொலிப் பெட்டி, மோட்டார் வாகனம், மின்னல் வேகத்தில் பாயும் ரயில் வண்டி! ஓயாது உழைக்கும் தேனீக்கள் என்று அந்நாட்டு மக்களைப் பேச்சுப் போட்டிகளில் புகழ்ந்து கைதட்டலும் பெறுகிறோம். அந்தத் தேனீக்கள் ஓய்வு கொள்ளும் வேளையில் என்ன செய்கின்றன என்று நாம் கேட்பதில்லை. ஒரு நாட்டை அறிய அதன் தொழிற்சாலையைப் பார்த்தால் மட்டும் போதுமா? அதன் ஓய்வு நேரத்தையும் பார்க்க வேண்டும் அல்லவா?

டோக்கியோ மாநகரில் ஜிம்போச்சோ என்றொரு பகுதி உண்டு. மதிய உணவு, இனிப்பு ரொட்டி, பழைய புத்தகம், காப்பி ஆகிய நான்கும் கூப்பிடு தூரத்தில் கிடைக்கும் இடம் அது. அங்கே ஒரு சனிக்கிழமைப் பிற்பகல் எப்படிக் கழியும் என்பதைப் படித்தறிந்த அளவில் இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன். நான் அந்நாட்டுக்குச் சென்றதில்லை. எங்கள் ஊரைத் தாண்டியதே இக்கல்லூரிக்கு வந்த பிறகுதான். எனினும் அந்தத் தெரு நமக்குச் சொல்ல ஒரு செய்தி வைத்திருக்கிறது என்பது என் எண்ணம்.

ஓய்வு நாளே ஒரு விருந்தாளி

முதலில் இந்தச் சனிக்கிழமைப் பிற்பகலே ஜப்பானுக்கு வெளியிலிருந்து வந்த ஒன்று என்பது ஈண்டு நோக்கத்தக்கது. 1868-இல் மெய்ஜி ஆட்சி தொடங்கிய காலத்தில் அங்கே ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடையாது. அரசு அலுவலகங்களுக்கு 1, 6 ஆகிய இலக்கங்களில் முடியும் தேதிகளே ஓய்வு நாட்கள். 1873-இல் மேனாட்டு நாட்காட்டியை ஏற்றார்கள். 1876-இல் ஞாயிறு முழு விடுமுறை, சனி அரை நாள் விடுமுறை என்று ஆணை பிறந்தது. ஞாயிற்றுக்கிழமையைக் குறிக்கும் டச்சுச் சொல்லின் வாலைப் பிடித்து, அரை விடுமுறைக்கு ‘ஹன்டோன்’ என்று மக்கள் பெயரிட்டுக் கொண்டார்கள். அரசு அலுவலகங்களுக்குச் சனிக்கிழமை முழு விடுமுறையானது 1992-இல்தான். அரசுப் பள்ளிகளுக்கு 2002-இல்.

ஜிம்போச்சோவுக்குச் சனிக்கிழமையே ஏற்ற நாள். அங்குள்ள பழைய புத்தகக் கடைகளில் பல ஞாயிறன்று மூடிக் கிடக்கும். மூன்று சுரங்க ரயில் பாதைகள் அங்கே சந்திக்கின்றன. படியேறி வெளியே வந்தால் யசுகுனி சாலை. பசி நேரமாதலால் முதலில் உணவுக் கடைக்குள் நுழைவோம்.

அளவுச் சாப்பாடும் ஐந்தாம் சுவையும்

கடை வாசலில் கண்ணாடிப் பேழைக்குள் சோறும் குழம்பும் மீனும் ஆவி பறக்காத குறையாய் வீற்றிருக்கும். அவை உண்பதற்கல்ல. மெழுகிலும் பிளாஸ்டிக்கிலும் செய்த மாதிரிகள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் விரல் நீட்டி ஆர்டர் கொடுத்துவிடலாம்.

உள்ளே கிடைப்பது ‘தெய்ஷோகு’. நம் ஓட்டல்களில் அளவுச் சாப்பாடு என்கிறோமே, அதற்கு ஒப்பானது. ஒரு கிண்ணம் சோறு, ஒரு கிண்ணம் மிசோ சாறு, காரமில்லாத ஊறுகாய், பொரித்த மீனோ வேறொன்றோ ஒரு முதன்மைப் பதார்த்தம். உண்ணுமுன் ‘இததகிமஸ்’ என்பர். ‘பணிவோடு பெற்றுக் கொள்கிறேன்’ என்பது அதன் பொருள். உணவை ‘உண்கிறேன்’ என்னாமல் ‘பெறுகிறேன்’ என்று சொல்லும் வழக்கம் சிந்திக்கத்தக்கது.

மிசோ என்பது சோயாவையும் உப்பையும் ‘கோஜி’ என்னும் பூஞ்சையோடு சேர்த்துப் புளிக்க வைத்த விழுது. அதைக் கரைக்கும் சாற்றுக்குக் ‘கொம்பு’ எனப்படும் கடற்பாசியைப் பெரும்பாலும் ஊறவைத்துக் கொதிக்க வைப்பர். இந்தச் சாற்றில்தான் ஒரு வேதியியல் கதை அடங்கியிருக்கிறது.

டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் இக்கெதா கிகுனயே செருமனி சென்று ஆஸ்ட்வால்டு என்னும் பேரறிஞரிடம் பௌதிக வேதியியல் பயின்றவர். கடற்பாசிச் சாற்றின் சுவை இனிப்பிலும் புளிப்பிலும் உவர்ப்பிலும் கசப்பிலும் அடங்கவில்லையே, அது என்ன என்று அவர் கேட்டார். சுமார் 12 கிலோ பாசியை வடித்து, ஆவியாக்கி, படிகமாக்கி 1908-இல் ஏறத்தாழ 30 கிராம் பொருளைப் பிரித்தெடுத்தார். அது குளுட்டாமிக் அமிலம்! அந்த அமிலம் புதியதன்று. 1866-லேயே செருமனியில் கோதுமைப் புரதத்திலிருந்து பிரிக்கப்பட்டதுதான். ஆனால் அதன் உப்புக்கு ஒரு தனிச் சுவை உண்டென்று கண்டு, ‘உமாமி’ என்று பெயர் சூட்டியவர் இக்கெதா. தக்காளியிலும் தாய்ப்பாலிலும் அது உண்டு. அறுசுவை பாடி வந்த நமக்கும் இது புதுச் செய்தியே. கற்றது அயல்நாட்டில், கேட்ட கேள்வியோ வீட்டு அடுக்களையில்!

‘கறி’யின் நெடும்பயணம்

அளவுச் சாப்பாடு வேண்டாதவர்க்கு ஜிம்போச்சோவில் வேறொன்று காத்திருக்கிறது. அதன் பெயரைக் கேட்டால் தமிழர் துள்ளி எழுவர். அதுதான் ‘கரே’. நம் ‘கறி’ என்னும் சொல் போர்ச்சுக்கீசியர் வாயில் புகுந்து, ஆங்கிலத்தில் ஏறி, அங்கிருந்து ஜப்பானுக்குக் கப்பலேறியது. 1872-இல் வெளியான ஜப்பானியச் சமையல் நூல்களிலேயே அதன் செய்முறை காணப்படுகிறது. இந்தியரிடம் நேரே கற்காமல் ஆங்கிலேயரிடம் கற்றதால் அது கோதுமை மாவு கலந்து கெட்டியாக, சற்று இனிப்பாக இருக்கும். தாயகத்தார் உண்டால் ‘இதுவா கறி?’ என்று கேட்கலாம். அவர்களோ அதைத் தங்கள் வீட்டு உணவாகவே கொண்டுவிட்டார்கள்.

ஜிம்போச்சோவும் அதைச் சுற்றியுள்ள கந்தா பகுதியும் இந்தக் கறிச் சோற்றுக்குப் பெயர் பெற்றவை. 1924-இல் தொடங்கிய கியோயெய்தோ என்னும் கடை சுமத்திரா முறைக் கறியை இன்றும் வழங்குகிறது. புத்தகத் தெருவில் இவ்வுணவு ஏன் வேரூன்றியது? ஒரு கையில் கரண்டியும் மறு கையில் அப்போதுதான் வாங்கிய புத்தகமும் வைத்துக் கொள்ள வசதியானது என்று அங்குள்ளோர் காரணம் கூறுவர். மாணவர்க்குப் பொருந்தும் காரணந்தான்!

ரொட்டிக்குள் பயறு

அடுத்து இனிப்பு. ஜப்பானியர் ரொட்டியைப் ‘பன்’ என்பர். இது போர்ச்சுக்கீசியர் கொடுத்த சொல். அதே போர்ச்சுக்கீசியரிடமிருந்துதான் இலங்கைத் தமிழர் ‘பாண்’ என்ற சொல்லைப் பெற்றனர். ஒரு கப்பற்படை இரு கரைகளிலும் ஒரே சொல்லை இறக்கிவிட்டுப் போயிருக்கிறது!

ஆனால் சோறு உண்டு பழகிய மக்களுக்கு ரொட்டி பிடிக்கவில்லை. கிமுரா யசுபெயி என்பவர் ஒரு முன்னாள் சாமுராய். புதிய ஆட்சியில் வாள் ஏந்துவோர்க்கு வேலையில்லாமல் போயிற்று. அவர் 1869-இல் ரொட்டிக் கடை வைத்தார். ரொட்டியை உப்ப வைக்க மேனாட்டு ஈஸ்ட் எளிதில் கிடைக்காத காலம். அதனால் அவரும் அவர் மகனும் அரிசிச் சோற்றையும் கோஜியையும் கொண்டு செய்யும் மதுப்புளிப்பைப் பயன்படுத்தினர். இங்கு நிகழ்வது என்ன? கோஜிப் பூஞ்சையின் நொதிகள் அரிசியின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. அச்சர்க்கரையை ஈஸ்ட் தின்று கரியமில வாயுவை விடுகிறது. அந்த வாயுக் குமிழிகள் மாவை உப்பச் செய்கின்றன. மிசோவுக்கு உதவிய அதே பூஞ்சை இங்கே ரொட்டிக்கும் உதவியது!

அதனுள் சர்க்கரை சேர்த்து அரைத்த சிவப்புப் பயற்று விழுதை வைத்து 1874-இல் உருவாக்கியதே ‘அன்பன்’. நம் பூரணக் கொழுக்கட்டையின் பூரணத்தை ரொட்டிக்குள் வைத்தால் எப்படியோ அப்படி. மறு ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள், நடுவில் உப்பிட்ட செர்ரிப் பூ பதித்த அன்பன் மெய்ஜிப் பேரரசர்க்கு அளிக்கப்பட்டது. அதன் பின் நாடெங்கும் அன்பன் மணந்தது.

இன்னொரு ரொட்டிக் கடையின் கதை நம் நாட்டோடும் தொடர்புடையது. சோமா ஐசோ, கொக்கோ என்னும் தம்பதியர் 1901-இல் பல்கலைக்கழகத்தின் எதிரே நக்கமுராயா என்ற கடையை விலைக்கு வாங்கினர். 1904-இல் ரொட்டிக்குள் முட்டைப் பால் கூழை வைத்துக் ‘கிரீம் பன்’ செய்தனர். பின்னர் கடை ஷின்ஜுகு என்ற இடத்துக்குப் பெயர்ந்தது. 1915-இல் ஆங்கில அரசால் தேடப்பட்ட இந்திய விடுதலை வீரர் ராஷ் பிகாரி போஸ் ஜப்பானுக்குத் தப்பிச் சென்றபோது, நாடு கடத்தும் ஆணையிலிருந்து அவரைக் காத்துத் தம் கடையின் பின்புறம் ஒளித்து வைத்தவர்கள் இத்தம்பதியரே. 1918-இல் தம் மகளையும் அவருக்கு மணமுடித்தனர். 1927-இல் நக்கமுராயாவில் உணவு விடுதி தொடங்கியபோது இந்திய முறைக் கறியை அங்கே அறிமுகப்படுத்தியவர் போஸ். ஆங்கிலேயர் வழி வந்த கறிக்குப் பக்கத்தில், ஆங்கிலேயரை எதிர்த்தவர் கொண்டு வந்த கறி! ஜிம்போச்சோவின் ரொட்டிக் கடையில் ஓர் அன்பனும் ஒரு கிரீம் பன்னும் வாங்குகிறவர் கையில் இவ்வளவு வரலாறு இருக்கிறது.

வெயில் படாத கடைகள்

இனி நாம் வந்த காரியம். யசுகுனி சாலையில் பழைய புத்தகக் கடைகளில் பெரும்பாலானவை தென்புறத்தில் வடக்கு நோக்கியே இருக்கும். ஏன்? நேர் வெயில் புத்தகத்துக்குப் பகை. மரக்கூழ்த் தாளில் உள்ள லிக்னின் என்னும் பொருள் ஒளியும் காற்றும் பட்டால் ஆக்சிகரணமடைந்து மஞ்சளாகிறது. வேதியியல் படிக்காத வியாபாரிகளும் பட்டறிவால் கண்ட உண்மை இது!

ஜின்போ என்ற சாமுராய் குடும்பத்தின் பெயரால் வழங்கும் இப்பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட பழைய புத்தகக் கடைகள் உள்ளன. அவை இங்கே கூடியதற்குக் காரணம் மாணவர்களே. 1880 முதல் பத்தாண்டுகளுக்குள் செண்ஷு, மெய்ஜி, சூவோ, நிகோன் ஆகிய இன்றைய பல்கலைக்கழகங்களின் வித்தான சட்டப் பள்ளிகள் இவ்வட்டாரத்தில் தோன்றின. வெளியூர்களிலிருந்து வந்த இளைஞர்கள் படிப்பு முடிந்ததும் புத்தகங்களை விற்றார்கள். அடுத்து வந்தவர்கள் வாங்கினார்கள். அகராதிகளுக்குப் புகழ் பெற்ற சான்செய்தோ நிறுவனம் 1881-இல் இங்கே பழைய புத்தகக் கடையாகத்தான் பிறந்தது.

1913-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பெருந்தீ இப்பகுதியை விழுங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில், ஆசிரியர் வேலையை விட்டு வந்த இவனாமி ஷிகெயோ என்ற இளைஞர் இங்கே பழைய புத்தகக் கடை திறந்தார். பேரம் பேசுவதே வழக்கமாயிருந்த தொழிலில் அவர் ஒவ்வொரு நூலிலும் விலையைக் குறித்து, குறித்த விலைக்கே விற்றார். மறு ஆண்டு நட்சுமே சோசெகியின் ‘கொக்கோரோ’ நாவலைப் பதிப்பித்துப் பதிப்பாளராக உயர்ந்தார். (உமாமி கண்ட இக்கெதாவும் இந்தச் சோசெகியும் 1901-இல் லண்டனில் ஒரே விடுதியில் தங்கியிருந்தவர்கள் என்பது சுவையான செய்தி.) 1927-இல் செருமானிய மலிவுப் பதிப்புகளைப் பின்பற்றி இவனாமி தொடங்கிய சிறு நூல் வரிசை, உலகப் பேரிலக்கியங்களை ஏழை மாணவரின் சட்டைப் பைக்குள் கொண்டு சேர்த்தது. 1923-இல் நிலநடுக்கம் தாக்கி மீண்டும் எல்லாம் எரிந்தது. மீண்டும் கடைகள் எழுந்தன.

பழைய புத்தகத்துக்கு விலை எப்படி அமைகிறது? வியாபாரிகளுக்கென்றே அங்கு ஒரு பழைய நூற் கூடம் உண்டு. ஒரு கடைக்காரர் தமக்குப் பயன்படாத நூல்களைக் கட்டாகக் கட்டி உறையுடன் வைப்பார். மற்றவர்கள் தாம் கொடுக்க விரும்பும் தொகையைச் சீட்டில் எழுதி உறைக்குள் போடுவர். ஒரே சீட்டில் பல தொகைகள் எழுதலாம் என்பதே இம்முறையின் நுட்பம். எடுத்துக்காட்டாக, ஒருவர் 5,000, 5,500, 6,000 யென் என்று எழுதியிருக்கிறார். மற்றவர்களுள் மிக உயர்ந்த தொகை 5,200 என்றால், அவருக்குக் கட்டு 5,500-க்கே கிடைக்கும். வேண்டாத கடையிலிருந்து வேண்டிய கடைக்கு நூல் போய்ச் சேர்கிறது. இதனால்தான் மருத்துவ நூலுக்கு ஒரு கடை, நாடகத்துக்கு ஒரு கடை, பழைய நிலப்படத்துக்கு ஒரு கடை என்று தனித்தனிச் சிறப்பு வளர்ந்தது. பழம்பொருள் விற்போர் எவராயினும் உரிமம் பெற வேண்டும் என்று 1949-இல் சட்டமும் இயற்றப்பட்டது.

காசில்லாதவர்க்கும் அங்கே இடமுண்டு. நின்றபடியே படித்துவிட்டுப் போவதைத் ‘தச்சியோமி’ என்பர். வாங்கிப் படிக்காமல் அடுக்கி வைப்பதற்குத் ‘ட்சுந்தோகு’ என்று பெயர். ஒரு சமுதாயம் எதற்கெல்லாம் தனிச் சொல் வைத்திருக்கிறதோ, அதையெல்லாம் அது அன்றாடம் காண்கிறது என்று கொள்ளலாம். 1960 முதல் இலையுதிர் காலத்தில் இங்கே பழைய புத்தகத் திருவிழா நடந்து வருகிறது. அப்போது நடைபாதையே அலமாரியாகிவிடும்.

இங்கே ஒன்று சொல்ல விரும்புகிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என்னிடமுள்ள கனிம வேதியியல் நூல் எனக்கு முன்பே மூவரிடம் இருந்தது. மூவரின் பெயர்களும் முதற்பக்கத்தில் உள்ளன. ஒருவர் சிவப்பு மையால் அடிக்கோடிட்ட வரிகளே தேர்வுக்கு முந்திய இரவில் எனக்கு வழிகாட்டின. வீட்டில் பாடம் சொல்லித் தர ஆளில்லாதவர்க்கு, முன்பு படித்தவரின் ஓரக் குறிப்பு ஓர் அண்ணனைப் போன்றது. ஆயினும் நம் வகுப்புகளில் பழைய புத்தகத்துக்குப் பழுப்புத் தாளால் அட்டை போட்டு, பழைய பெயரின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி மறைக்கும் வழக்கம் உண்டு. புதுப் புத்தகம் வாங்க வக்கில்லை என்று யாரேனும் நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம்! ஜிம்போச்சோவிலோ, பெயர் பெற்ற ஒருவர் வைத்திருந்த நூல் என்றால் அவர் கையெழுத்துக்காகவே விலை கூடும்.

காப்பியும் நீரகமும்

கால் வலிக்க நடந்தபின் காப்பிக் கடை. 1949-இல் தொடங்கிய லாத்ரியோ, 1955-இல் தொடங்கிய சபோரு என்று சந்துக்குள் சந்தாகப் பழைய கடைகள் உள்ளன. மங்கிய விளக்கு, மர மேசை, ஒரு கோப்பைக் காப்பி. வாங்கிய நூலைப் பிரிக்கும் இடம் அது.

காப்பிக்கு ஜப்பானியர் எழுதும் சீன எழுத்துகளைத் தேர்ந்தவர் உதகாவா யோவான் (1798–1846) என்பர். இவர் யார் தெரியுமா? ஜப்பானுக்கு வேதியியலைக் கொணர்ந்த பெருந்தகை! வில்லியம் ஹென்றி என்ற ஆங்கிலேயரின் நூலை டச்சு மொழியில் படித்து, பிற நூல்களோடு ஒப்பிட்டு, தம் மொழியில் ஒரு வேதியியல் நூல் எழுதினார். அது 1837 முதல் பத்தாண்டுகளில் பகுதி பகுதியாக வெளிவந்தது. ஆக்சிசனுக்குச் ‘சன்ஸோ’, ஐதரசனுக்குச் ‘சுய்ஸோ’ என்று அவர் அமைத்த சொற்களையே அங்குள்ள மாணவர் இன்றும் எழுதுகின்றனர். சுய்ஸோ என்றால் நீரின் மூலப்பொருள். நாம் ‘நீரகம்’ என்று அமைத்ததும் அதே நெறியில்தான். தமிழில் பயின்று வந்து, கல்லூரியில் ஆங்கிலப் பாடநூலைப் பார்த்து மருளும் நம்மைப் போன்றோர்க்கு உதகாவாவின் மேசை ஓர் ஊக்கமூட்டும் காட்சி. அவரும் அயல்மொழி நூலோடு மல்லாடியவர்தாம்.

நாம் கொள்ளத்தக்கது

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துப் பாருங்கள். வார விடுமுறை மேனாட்டாருடையது. கறி நம்முடையது. ரொட்டி போர்ச்சுக்கீசியருடையது. காப்பியும் வேதியியலும் கப்பலில் வந்தவை. புத்தகமோ இன்னொருவர் படித்தது. இவற்றுள் எதையும் அவர்கள் ‘பிறருடையது’ என்று நாணி மறைக்கவில்லை. ரொட்டிக்குள் பயற்றை வைத்தார்கள். சாற்றுக்குள் ஒரு சுவையைக் கண்டார்கள். பழைய நூலுக்கு நேர்மையான விலை குறித்தார்கள். பெற்றதன்மேல் தம் உழைப்பைச் சேர்த்தபோது அது அவர்களுடையதாயிற்று.

கல்வியும் அப்படிப்பட்டதே. எவரும் அதைப் புதிதாக வாங்குவதில்லை. முன்னவர் கையிலிருந்தே பெறுகிறோம். ஆகவே நண்பர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம்: ஒவ்வோர் ஆண்டும் கல்லூரி திறக்கும் முதல் வாரத்தில், மூன்றாமாண்டு முடித்துச் செல்வோரின் நூல்களை விலை குறித்து நூலக வராந்தாவில் பரப்பி வைத்தால் என்ன? இரண்டு மேசைகளும் ஒரு பதிவேடும் போதும். முதன்முறையாக இவ்வாயிலில் நுழையும் மாணவர், எந்தக் கடையில் எந்த நூலைக் கேட்பதென்று தெரியாமல் நிற்க வேண்டியதில்லை. நூலில் உள்ள பழைய பெயர்களை அழிக்க வேண்டாம். நம் பெயரையும் அதன் கீழே எழுதிக் கொடுப்போம். ஐந்தாவது பெயர் எழுத இடமிருக்கிறது.